37 மணி நேரம்: ஒரு கொடைச் சண்டை வழக்கின் ஆய்வு

"ஐயா, தம்பியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னபோது சனிக்கிழமை காலை மணி 6.10. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "கருக்கலில் ஐயா" என்றார். கருக்கல் என்றால் நாலரையாகவும் இருக்கலாம், ஐந்தே முக்காலாகவும் இருக்கலாம். மறுபடியும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "பீடி இலை வெட்ட உட்கார்ந்திருந்தேன். ஜீப் தெருமுனையில் திரும்பவும் முதல் பஸ் ஆரன் அடிக்கவும் சரியாக இருந்தது." அவர் ஊருக்கு முதல் பஸ் வருவது 5.45-க்கு. குறிப்பேட்டில் 5.45 என்று எழுதிக்கொண்டேன். பின்னால் இந்த வழக்கில் நான் வைத்த வாதங்கள் பலவற்றுக்கும் அந்த எண்தான் அடி.

காவல் நிலைய ஆவணத்தில் அதே இளைஞர் கைதானது மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு. இடம், ஒரு பஸ் நிறுத்தம். "சந்தேகத்துக்கிடமான முறையில் நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்து விசாரிக்க" என்று தொடங்குகிறது அந்தக் குறிப்பு. அன்று இரவு 7 மணிக்கு அவரை நீதித்துறை நடுவரின் வீட்டில் ஆஜர்படுத்தினார்கள். ஆவணப்படி பார்த்தால் கைதாகி எட்டு மணி நேரம். அம்மாவின் பஸ் ஆரனை வைத்துப் பார்த்தால் 37 மணி நேரத்துக்கு மேல். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில் கிடக்கும் நேரத்தைப் பற்றித்தான் இந்த ஆய்வு. கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஊர், வயது, தொழில் விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். 2025 ஆடி மாதம், தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில் சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா. வில்லுப்பாட்டு முடிந்து, நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு மேளம் ஏறும் நேரம். மேளம் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களுக்குள் பேச்சு முற்றியது. இரு தரப்பும் ஒரே சமூகம், பாதிப் பேர் மாமன் மச்சான். ஆகவே இதைச் சாதிப் பூசலாக யாரும் எண்ண வேண்டாம். தள்ளுமுள்ளில் ஒருவருக்கு இடது முன்கையில் அரிவாள் வெட்டு விழுந்தது. ஒரு பைக்கின் முகப்பு விளக்கு உடைந்தது. வெட்டுக்காயம் உண்மை. என் முதல் கட்சிக்காரர் கையில் அரிவாள் இருந்ததும் உண்மை, அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. இரண்டாமவர் அவருடைய சித்தி மகன், வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பையன். அவர் அண்ணனைப் பிடித்து இழுத்தவர். தொலைபேசியில் பேசியது அந்தப் பையனின் தாய்.

குற்றவியல் வழக்கு நடத்துகிறவர்கள் வழக்குக் கட்டை எடுத்தவுடன் தேடும் முதல் தாள் முதல் தகவல் அறிக்கை அன்று. காயம்பட்டவர் முதலில் போன மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைத்தான் தேடுவோம். ஏ.ஆர். நகல் என்று சொல்வோம். நள்ளிரவில் இரத்தம் வழிய வந்து நிற்பவரிடம் பணியிலிருக்கும் மருத்துவர் "யார் அடித்தார்கள், எதனால், எங்கே" என்று கேட்டு இரண்டு வரி எழுதுவார். அதற்குள் யாரும் யோசனை சொல்லியிருக்க மாட்டார்கள், பழைய பகையின் பட்டியலும் சேர்ந்திருக்காது. இந்த வழக்கில் அந்த இரண்டு வரி இரவு 2.10-க்கு எழுதப்பட்டது: தெரிந்த இரண்டு நபர்கள் அரிவாளால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது. காயம் 5 செ.மீ. நீளம், ஐந்து தையல்.

காலை 10 மணிக்குப் பதிவான முதல் தகவல் அறிக்கையில் அந்த இருவர் ஐவராகியிருந்தார்கள். இரண்டு பேருக்குப் பெயர். மற்ற மூவர் "பார்த்தால் அடையாளம் காட்டக்கூடியவர்கள்". ஐந்து என்ற எண்ணுக்குச் சட்டத்தில் தனி மதிப்பு இருக்கிறது. ஐவர் சேர்ந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம். அந்தக் கூட்டம் வன்முறையில் இறங்கினால்தான் கலகம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 191-ஆவது பிரிவு உள்ளே வர அந்த ஐந்து தேவை. கையை ஓங்காதவரும் கூட்டத்தில் நின்றதற்காகவே குற்றவாளி ஆகிவிடுவார். இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. இரவு வெறும் முன்கை வெட்டாக இருந்தது, காலையில் "தலையைக் குறிவைத்து வெட்ட வந்தபோது கையால் தடுத்ததில் ஏற்பட்ட வெட்டு" ஆனது. எங்கள் பக்கத்து முதல் தகவல் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். சில வழக்குகளில் அது உண்மையாகவும் இருக்கும்; தலையைக் காக்கக் கையைத் தூக்குவது மனித இயல்பு. ஆனால் அதே மனிதர் எட்டு மணி நேரம் முன்னால் மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை.

அந்த அறிக்கையின் தலைப்பில் ஓரமாக நடுவரின் சுருக்கொப்பமும் தேதியும் நேரமும் இருக்கும். பச்சை மையில் கிறுக்கிய மாதிரித் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். புதன்கிழமை காலை 10 மணிக்குப் பதிவான அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரமாக அதில் இருந்தது வியாழன் மாலை 4.15. காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம் முக்கால் மணி நேரப் பயணம். அறிக்கையை உடனே அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்வது அதில் கைவைக்க இடம் இருக்கக் கூடாது என்பதற்காக. தாமதம் மட்டுமே வழக்கை உடைத்துவிடாது. ஆனால் இருவர் ஐவரான கதையோடு அதைச் சேர்த்து வைத்தால் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

இனி, சேர்த்த பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால் ஊரில் இன்னும் 307, 324, 506 என்றே பேசினாலும் காகிதத்தில் எண்கள் வேறு. ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கு 118(1), கொலை மிரட்டலுக்கு 351(3), கலகத்துக்கு 191(2), 191(3), கொலை முயற்சிக்கு 109(1). இவற்றோடு மாநிலச் சட்டம் ஒன்று: 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், பிரிவு 3. பஸ் கண்ணாடியை உடைப்பவர்களுக்காகப் பொதுச் சொத்துச் சட்டமாகப் பிறந்தது இது. 1994-இல் திருத்தப்பட்டுத் தனியார் சொத்தும் இதற்குள் வந்தது. நூறு ரூபாய் சேதமே போதும். தண்டனை ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை போகலாம். அந்த பைக்கின் முகப்பு விளக்குக்காக இந்தப் பிரிவு வந்தது. மத்தியச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு வருகிற இளம் வழக்கறிஞர்கள் தடுமாறுவது இங்கேதான். தெருச் சண்டையில் ஒரு பெண்ணைத் திட்டியதாக ஒரு வரி இருந்தால் 1998-ஆம் ஆண்டின் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் வரும். மாநிலச் சட்டம் எது சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ஜாமீன் மனு எழுத உட்காரக் கூடாது.

ஆனால் இந்த வழக்கின் முதுகெலும்பு 109. அது என்னென்ன செய்கிறது என்று குடும்பத்தாருக்கு நான் விளக்கியதை இங்கேயும் சொல்கிறேன். அந்தப் பிரிவு இல்லாவிட்டால் மிச்சமுள்ள எதற்கும் தண்டனை ஏழாண்டைத் தாண்டாது. அப்படிப்பட்ட குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ஆவது பிரிவின்படி ஆஜராகச் சொல்லி அறிவிப்பு கொடுத்து விசாரிக்கலாம், கைது அவசியம் என்றால் ஏன் என்று எழுத வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது இதைத்தான். 109 வந்தவுடன் அந்த வாசல் மூடிவிடுகிறது. இரண்டாவது, காயத்தோடு கூடிய கொலை முயற்சிக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதால் உள்ளூர் நடுவரிடம் ஜாமீன் கிடைப்பது ஏறக்குறைய நின்றுபோய், அமர்வு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மூன்றாவது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் காவல்துறைக்கு இருக்கும் கெடு 60 நாளிலிருந்து 90 நாளாக நீள்கிறது. ஒரே ஓர் எண் எழுதுவதில் மூன்று பூட்டு. விசாரணை முடிந்து தீர்ப்பு வரும்போது அந்த எண் நிற்காமல் போகலாம். அதற்குள் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருக்கும்.

சனிக்கிழமை காலைக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 22-ஆவது கூறு சொல்வதில் இரண்டு விஷயங்கள் இங்கே முக்கியம்: கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? ஒருவர் நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் ஆகிற அந்த நேரமே கைதின் நேரம் என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்னது. "சும்மா ஒரு விசாரணை" என்று கூட்டிக்கொண்டு போய்க் கொட்டடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாலும் எழுந்து போக விடாவிட்டால் அது கைதுதான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர்கள் நாம். நிலையப் பதிவேடு அவர்கள் கையில்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் மூத்த வழக்கறிஞர்கள் இப்படி ஒரு தாய் வந்து நின்றால் குமாஸ்தாவைத் தந்தி அலுவலகத்துக்கு ஓட விடுவார்கள். மாவட்டக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, நடுவருக்கு ஒன்று. "இன்னார் இத்தனை மணிக்கு அழைத்துச் செல்லப்பட்டார், இன்னும் ஆஜர்படுத்தப்படவில்லை." தந்தித் தாளில் விழும் நேர முத்திரையை எந்த நிலைய எழுத்தராலும் மாற்ற முடியாது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது அதற்காக உண்மையிலேயே வருந்தியவர்கள் குற்றவியல் வழக்கறிஞர்கள். இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. காலை 7.20-க்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நீதித்துறை நடுவர் நீதிமன்றம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியோருக்கு ஒரே கடிதம் அனுப்பினேன். அந்த அம்மா 5.52-க்குக் கோயம்புத்தூரிலிருக்கும் அக்கா மகனை அழைத்துத்தான் என் எண்ணை வாங்கியிருந்தார். கைப்பேசியில் அந்த அழைப்புப் பதிவைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பின் எண்ணைச் சொன்னார்.

பத்து மணிக்கு நிலையத்துக்குப் போனேன். விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்கக் கைதானவருக்கு உரிமை உண்டு, முழு நேரமும் கூடவே இருக்க முடியாது என்பதுதான் வரம்பு, சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 38. ஆனால் "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று சொன்னால் எந்தப் பிரிவைக் காட்டுவது? அப்படித்தான் சொன்னார்கள். நிலையத்துக்கு எதிரே புளியமரத்தடியில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். மடியில் பீடி பாஸ்புக். அன்று கொடுக்க வேண்டிய பீடி பாதிதான் சுற்றியிருந்தது, சுளகோடு அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். பாஸ்புக்கை ஏன் எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். அரசாங்க முத்திரையோடு தன் பெயர் இருக்கிற புத்தகம் அது ஒன்றுதான், கேட்டால் காட்டலாமே என்று எடுத்து வந்தேன் என்றார். வெள்ளிக்கிழமை வரை வரி வரியாகக் கணக்கு இருந்தது. சனிக்கிழமை வரி வெற்று.

உள்ளே அந்த இரவு என்ன நடந்தது என்பதற்குப் பையனின் சொல்லும் அவன் உள்ளங்காலும்தான் சாட்சி. காகிதத்தில் இருப்பது ஒப்புதல் வாக்குமூலம். நான்கு பக்கம்; பிறந்தது, படித்தது, பட்டறையில் சேர்ந்தது, அண்ணனுக்கும் எதிர்த்தரப்புக்கும் இருந்த முன்விரோதம் என்று ஒழுங்காகப் போகும். கடைசியில் "என்னை அழைத்துச் சென்றால் அரிவாளை மறைத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்று முடியும். இரு சகோதரர்களின் வாக்குமூலங்களிலும் இந்த வாக்கியம் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. அரிவாளோ ஒன்றுதான். சாட்சிக் கையெழுத்து கிராம நிர்வாக அலுவலரும் அவர் உதவியாளரும் போட்டது.

அப்படியொரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று குடும்பங்கள் உடைந்துபோவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதனால் அழுத்திச் சொல்கிறேன். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது; பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 23, பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26. அதன் வழியாகப் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தக் கண்டெடுப்பைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். அரிவாள் கிடைத்தது என்ற அளவுக்குத்தான் அதற்கு உயிர். வெட்டினேன் என்ற பகுதிக்கு இல்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 20(3)-ஆவது கூறு சொல்கிறது. பேசாமல் இருப்பதும் உரிமை.

ஞாயிறு இரவு 7 மணி, நடுவரின் வீட்டுத் திண்ணை. மஞ்சள் விளக்கு, பூச்சிகள், இரண்டு பையன்கள், நான்கு காவலர்கள். இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ரிமாண்ட் செய்யும், அதாவது நீதிமன்றக் காவலுக்கு அனுப்பும், நேரத்துக்கு எவ்வளவு கனம் என்பதை யாரும் எங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு, ரிமாண்ட் ஆகி, சிறைக்குப் போய், அடுத்தடுத்து இறந்தார்கள். 2023-இல் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் விசாரணைக்குக் கூட்டிச் சென்றவர்களின் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தது. நடுவர் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை: அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், வீட்டுக்குச் சொன்னார்களா, வக்கீல் இருக்கிறாரா. அவற்றைக் காவலர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டால்தான் பதில் வரும்.

இந்த நடுவர் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பையனின் உள்ளங்கால் வீக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார், மறுபடி மருத்துவரிடம் காட்ட உத்தரவிட்டார். என் மின்னஞ்சலின் நகலை வாங்கிக் கட்டில் சேர்த்தார். கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்படவில்லை, குடும்பத்துக்கு முறைப்படி தகவல் இல்லை, 24 மணி நேரம் கடந்துவிட்டது என்று வாதிட்டேன். விஹான் குமார் வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துக் காட்டினேன்: காரணத்தைச் சொல்வது கட்டாயம், சொல்லவில்லை என்று கைதானவர் கூறினால் சொன்னதை நிரூபிக்கும் பொறுப்பு காவல்துறையுடையது, தவறினால் கைதே செல்லாது. எதிரே வைத்த தாளில் "கைதுக்கான காரணம் விளக்கப்பட்டது" என்று அச்சிட்ட ஒரு வரி, கீழே கையெழுத்து. நடுவர் அதை ஏற்று இருவரையும் பதினைந்து நாள் நீதிமன்றக் காவலில் வைத்தார். அந்த உத்தரவு தவறு என்பதே இன்றும் என் கருத்து. அச்சிட்ட வரி யாருக்கும் பொருந்தும். காரணம் என்பது இந்த மனிதர் இந்த இரவில் இன்னது செய்தார் என்பது. அதே ஆண்டு நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஓட்டையை அடைத்தது. எந்தக் குற்றமாக இருந்தாலும் காரணம் எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கையில் இருக்க வேண்டும். எங்கள் பையன்களுக்கு அது மூன்று மாதம் தாமதமாக வந்தது.

நிலையத்தின் கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கேட்டு மறுநாளே மனு போட்டோம். காவல் நிலையங்களில் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உத்தரவு. கேமரா பழுது என்று பதில் வந்தது.

அமர்வு நீதிமன்றத்தில் பையனுக்கு 11-ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. அங்கே பேசியது ஏ.ஆர். நகல்தான். இருவர் என்ற வரி, முன்கை என்ற வரி, கூடவே என் 7.20 மின்னஞ்சல். அண்ணனின் மனு 109-ஐக் காரணம் காட்டித் தள்ளுபடியானது. ஜாமீன் கிடைத்த பிறகும் பையன் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் மூன்று இரவு கிடந்தான். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவு, இருவரிடமும் வீட்டுத் தீர்வை ரசீது. பீடி சுற்றுகிற குடும்பத்தில் பட்டாவும் தீர்வை ரசீதும் யார் பெயரில் இருக்கும்? இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். தாய்மாமன் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ரசீதோடு வந்து சேர மூன்று நாள். மோதி ராம் என்ற கொத்தனார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழைகளிடம் பெரிய ஜாமீன் தொகை கேட்பதையும் வேறு மாவட்டத்து ஜாமீன்தாரரை மறுப்பதையும் கண்டித்தது 1978-இல். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்திருக்கிறது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். இதைத் தெரியாமல் நகையை அடகு வைத்த தாய்மார்கள் எத்தனை பேர்.

வெளியே வந்தவன் தினமும் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. காலை 9 மணிக்குத் தொடங்கும் பட்டறையில் அப்படிப்பட்டவனுக்கு வேலை இல்லை. நிபந்தனையைத் தளர்த்தி வாரம் ஒருமுறையாக மாற்ற ஐந்து வாரம் ஆயிற்று.

இடையில் ஒரு நாள் தாய்மாமன் ஓடி வந்தார். அண்ணன் மேல் குண்டர் சட்டம் பாயப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அந்தப் பேச்சு அவரைக் குலைத்த அளவுக்கு 109 குலைக்கவில்லை, அதில் நியாயமும் இருந்தது. குண்டர் சட்டம் என்று பேசப்படும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆவது சட்டம் தண்டனைச் சட்டம் அன்று. இனிமேல் செய்யக்கூடும் என்று ஒருவரை முன்கூட்டியே அடைத்து வைக்கும் சட்டம். மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர் கையெழுத்திட்டால் போதும், அதிகபட்சம் 12 மாதம். ஜாமீன் என்ற பேச்சே அங்கே கிடையாது. காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும், அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள், அந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். மீட்க வழி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. முந்தைய வழக்கு எதுவும் இல்லாத ஒருவர் மீது, ஒரு கொடைச் சண்டைக்காக அப்படி ஓர் உத்தரவு வந்தால் நிற்காது என்று சொல்லி அனுப்பினேன். உத்தரவு வரவில்லை.

அண்ணனுக்கு இருந்த ஒரே வழி நாட்களை எண்ணுவது. காயச் சான்றிதழ் எளிய காயம் என்று வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது ஜாமீன் மனு போட்டோம். அது விசாரணைக்கு வருவதற்குள் 55-ஆம் நாள் காவல்துறையே சட்டப்பிரிவு மாற்ற அறிக்கை தாக்கல் செய்து 109-ஐ நீக்கியது. மிச்சப் பிரிவுகளில் பத்தாண்டுத் தண்டனை எதற்கும் இல்லை. ஆகவே கெடு 60 நாள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-இல் கபில் வாதாவன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்திருக்கிறது. ஞாயிறு முதல் நாள் என்றால் 60-ஆம் நாள் புதன். புதன் மாலை நீதிமன்ற அலுவலகம் மூடும்வரை குற்றப்பத்திரிகை வரவில்லை.

வியாழக்கிழமை காலை 10.05-க்கு, நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே, கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவின் கீழ் கேட்கக்கூடிய கட்டாய ஜாமீனுக்கான மனுவை மின்வழியில் தாக்கல் செய்து ஒப்புகையை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இந்த உரிமையை உரிய நேரத்தில் கேட்டால்தான் உண்டு. கேட்காமல் தூங்கினால், குற்றப்பத்திரிகை வந்த நொடியில் மறைந்துவிடும். கேட்ட பிறகு குற்றப்பத்திரிகை வந்தால் மறையாது என்பதை 2020-இல் எம். ரவீந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. பிற்பகல் 3.30-க்கு ஒரு தலைமைக் காவலர் வேர்க்க விறுவிறுக்கக் குற்றப்பத்திரிகைக் கட்டோடு வந்து சேர்ந்தார். அரசுத் தரப்பு அதைக் காட்டி எதிர்த்தது. நடுவர் ஒப்புகையிலிருந்த நேரத்தையும் கட்டின் மேல் விழுந்த முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜாமீன் வழங்கினார்.

குற்றப்பத்திரிகையில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், இரண்டு பேர். பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய அந்த மூவரையும் யாரும் பார்க்கவில்லை. 191 போய்விட்டது. நிற்பவை 296(பி), 118(1), 351(3), சொத்துச் சேதச் சட்டம். ஆவண நகல்கள் 14 நாளுக்குள் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கிடைத்தன. நிலையத்தில் பையனைப் பரிசோதித்த மருத்துவரின் குறிப்பு நகலையும் கேட்டு வாங்கினேன். கைதானவருக்கு அதைத் தர வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆவது பிரிவு சொல்கிறது, கேட்பவர்கள்தான் இல்லை. உள்ளங்கால் வீக்கம் அதில் ஒரு வரியாக இருக்கிறது. அதை வைத்து அந்தத் தாய் கொடுத்த புகார் தனியாக விசாரணையில் இருக்கிறது.

வெட்டுப்பட்டவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர் பக்கமும் நியாயம் உண்டு. அவர் கேட்டது தன் காயத்துக்கு நீதி. ஐந்து பேரும் தலைக்குறியும் அவர் வாயிலிருந்து வந்தவையா, எழுதியவர் பேனாவிலிருந்து வந்தவையா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, குறுக்கு விசாரணையில்தான் கேட்க வேண்டும். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. வெட்டுப்பட்டவரின் இடது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வாழைத்தார் வெட்டுகிறவருக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்று ஊருக்கே தெரியும். பெரியவர்கள் பேசி, மருத்துவச் செலவும் மூன்று மாதக் கூலியும் அண்ணன் தரப்பு கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஆனால் 118(1) சமாதானமாகப் போகக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. நடுவர் முன் இரு தரப்பும் கைகுலுக்கினாலும் வழக்கு நிற்கும். சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆவது பிரிவின் கீழ் மதுரைக் கிளையில் மனு போட்டுத்தான் ரத்து செய்யக் கேட்க வேண்டும். பையனுக்குத் துபாயில் வெல்டிங் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. வழக்கு இருக்கும்வரை காவல்துறைத் தடையின்மைச் சான்று கிடைக்காது. அதனால் அவசரம் அவர்களுக்கு.

சென்ற மாதம் எல்லோரும் ஒரே வேனில் மதுரைக்கு வந்தார்கள். வெட்டுப்பட்டவரும் அந்தப் பையனின் தாயும் முன் இருக்கையில். பிரமாணப் பத்திரத்தில் அவர் வலது கையால் கையெழுத்துப் போட்டார், இடது கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியாததால் அந்த அம்மா இரண்டு விரலால் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனு எண்ணிடப்பட்டிருக்கிறது. விசாரணைக்கு இன்னும் வரவில்லை.